பாவுக்கு வைத்த கஞ்சி

மகனே, உறையின் மேல் இருக்கும் கையெழுத்தைப் பார்த்து இது யாருடையது என்று யோசித்திருப்பாய். உன் நைனாவுடையதுதான். நானே எழுதினேன். பக்கத்தில் யாரும் இல்லை. பஜனை மடத்துச் சாயங்காலப் பள்ளியில் வாத்தியார் போட்டுக் கொடுக்கும் கோட்டின் மேல்தான் இதுவரை எழுதிப் பழகினேன். இது கோடு இல்லாத காகிதம். அதனால் வரிகள் கொஞ்சம் மேலே ஏறும், கொஞ்சம் கீழே இறங்கும், நீ பொறுத்துக்கொள். ஒரு வார்த்தை முடிந்ததும் பேனாவை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாய்க்குள் இருந்தது வெளியே வந்து காகிதத்தில் உட்கார்ந்துவிட்டது! தறியில் எத்தனையோ மயிலும் யாளியும் நெய்திருக்கிறேன். அவை முதலாளி சொன்ன மயில், முதலாளி சொன்ன யாளி. இது நான் சொல்வது. கண் மங்கித் தறியை விட்டு இறங்கிய பிறகு இப்படி ஒரு சந்தோஷம் காத்திருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

எழுதுவது சந்தோஷம். எழுதப்போகும் விஷயம் அப்படியில்லை. வாத்தியாரிடம் சொன்னால் அரை நாழிகையில் அழகாக எழுதிக் கொடுத்துவிடுவார். ஆனால் இது இன்னொருவர் காதில் விழக்கூடாத சங்கதி. அது ஏன் என்பது போகப் போக உனக்கே தெரியும். நான் எழுதும் வேகத்தில் இது முடிவதற்குள் நாட்கள் போய்விடுமே என்றுதான் பயம். பட்டணத்தில் உன் சங்கத்துப் பெரியவர்கள் மாதக் கடைசியில் கூடி, எந்தெந்த ஊரில் குழந்தைகளுக்கு மத்தியானக் கஞ்சித் தொட்டி வைப்பது என்று முடிவு செய்யப்போகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாய். அதற்குள் இது உன் கைக்கு வரவேண்டும்.

நீ ரயில் ஏறுவதற்கு முந்தின நாள் நம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னது நினைவிருக்கிறதா? பாலாற்றுக்கு அந்தப் பக்கம் சங்கத்துக்காக எத்தனையோ ஊர்களைப் பார்த்துக் கணக்கெழுதிவிட்டு வந்திருந்தாய். உழவு ஊர்களில் குழந்தைகள் கோவணத்தோடு நின்றதையும், ஒரு வீட்டில் ஒரே புடவையை அம்மாவும் பெண்ணும் மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு வெளியே வந்ததையும் சொல்லும்போது உன் கண் கலங்கியது. பிறகு உன் அத்தை மகள் கன்னியம்மாவின் ஊரைப் பற்றிப் பேச்சு வந்ததும் சிரித்தாய். "நைனா, அங்க பசங்க பட்டுப் பாவாடை கட்டிக்கினு திரியுதுங்க. கன்னியம்மா பொண்ணு தேசம்மாவைக் காலைல இன்னா சாப்டேன்னு கேட்டேன். தோசைன்னுச்சு. பட்டணத்துல எனக்கே தினம் தோசை கிடையாது" என்றாய். அந்த ஊரில் கஷ்டம் இல்லை என்று எழுதிவிட்டதாகவும் சொன்னாய். நானும் சிரித்தேன். என் தங்கை செத்த பிறகு அந்தக் குடும்பம் எப்படியோ என்று இருந்தது, நன்றாகத்தான் இருக்கிறார்கள் போலும் என்று நிம்மதியாக இருந்தது.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். நீ அந்த ஊருக்குப் போவதற்கு முந்தின வாரம் கன்னியம்மாவுக்கு ஒரு கார்டு போட்டேன். நான் என் கையால் எழுதித் தபாலில் போட்ட முதல் கார்டு அது. "என் மகன் சங்கத்துப் பெரியவர்களோடு உங்கள் ஊருக்கு வருகிறான். குழந்தைகளைப் பார்ப்பான். மரியாதையாக நடந்துகொள்ளவும்." இவ்வளவுதான். எழுதத் தெரிந்துவிட்டது, யாருக்காவது எழுத வேண்டும், எழுதுவதற்கு என்னிடம் இருந்த பெரிய சேதி நீதான். உன்னிடம் சொல்லவில்லை. கன்னியம்மா வாயால் நீ கேட்டுத் திகைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவர்கள் அதையும் உன்னிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

நீ போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் கார்டைப் பற்றி அந்த ஊரில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டு வரலாம் என்று விடியும் முன்பே கிளம்பிச் செவிலிமேட்டைத் தாண்டி ஆற்று மணலில் நடந்தேன். ஆற்றில் ஊற்றுத் தோண்டினாலும் இந்த வருஷம் தண்ணீர் இல்லை. அந்தத் தெருவுக்குள் நுழையும்போது வெயில் அப்போதுதான் வந்திருந்தது. பாவு ஓட்டும் வேளை. கன்னியம்மாவின் புருஷன் மாணிக்கம் தறியில் ஏறப்போகும் பாவு இழையைத் தெரு நீளத்துக்குக் கட்டி விரித்து, அறாமல் நிற்கக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தான். கஞ்சிப் பானையைச் சுற்றிக் குழந்தைகள் நின்றன. வேலை நடக்கும் இடத்தில் குழந்தைகள் வேடிக்கை பார்க்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். பழைய பழக்கம், பானைக்குள் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தேன். பசையே இல்லை.

"இன்னாடா மாணிக்கம், இது கஞ்சியா கழுநீரா? இதைப் போட்டா இழை எப்படிடா நிக்கும்?" என்று கேட்டேன்.

அவன் நிமிரவில்லை. "நிக்காது மாமா" என்றான்.

உள்ளிருந்து கன்னியம்மா ஓடிவந்தாள். "வா மாமா, குந்து. உன் கார்டு வந்துது. போஸ்ட்மேன் எல்லம்மன் கோயிலாண்ட நின்னு ரெண்டு தரம் படிச்சாரு. கெழவன் கையெழுத்து முத்து முத்தா இருக்குதேன்னாரு. ஊரே கேட்டுச்சு" என்றாள். எனக்கு அந்த நேரத்தில்கூட அது இனித்தது. அதை உன்னிடம் மறைப்பதில் என்ன இருக்கிறது?

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் இன்னா? பெரிய மனுசங்க பசங்களைப் பாக்க வராங்கன்னா சும்மா உட்றதா? எல்லாப் பசங்களையும் புடிச்சு எண்ணெ தேச்சோம். வூட்ல இருக்கிற பட்டை எடுத்து உடுத்தி உட்டோம். பித்தளைக் குடத்தை ஆத்துக்கு இந்தாண்ட இருக்கிற வூடுங்கள்ல எல்லாம் எரவல் வாங்கிக்கினு வந்தோம். நம்ம மானம் மட்டுமா, உன் மானமும் இல்ல அது?"

மகனே, நீ நெசவாளர் தெருவில் பிறந்தவன். ஆனாலும் பள்ளிக்கூடத்துக்கு என்று சின்ன வயதிலேயே தெருவை விட்டு விலகிவிட்டாய். நம் தெருவில் வெளி ஆள் வந்து குழந்தைகளைப் பார்த்தால் இரண்டே காரணம்தான். ஒன்று, சம்பந்தம் பேச. இல்லாவிட்டால், தறிக்குக் கை தேட. இரண்டுக்கும் குழந்தை வாட்டமாக இருக்கக்கூடாது. பசித்த முகத்தைப் பார்த்து ஒருவன் சோறு கொண்டு வருவான் என்பது அவர்கள் கேள்விப்படாத வழக்கம். என் கார்டிலும் அதை நான் எழுதவில்லை. எழுதத் தோன்றவே இல்லை.

"தேசம்மா தோசை சாப்டேன்னு சொல்லிச்சாமே?" என்று கேட்டேன்.

"நான் சோறுன்னுதான் சொல்லச் சொன்னேன் மாமா. அது தோசைன்னுடுச்சு. அதுக்கு அவ்ளோ ஆசை" என்றாள்.

பிறகு மெதுவாக எல்லாம் வெளியே வந்தது. முதலாளி வீட்டில் பட்டு இழையோடு, பாவுக்குக் கஞ்சி காய்ச்ச அரிசியும் அளந்து கொடுப்பது நம் பக்கத்து வழக்கம், உனக்குத் தெரியும். அந்த அரிசி இழைக்கு உரியது. கல்யாணக் காலத்திலேயே இந்த வருஷம் புடவைக்கு ஆள் இல்லை, அதனால் ஒரு பாவு நெய்து முடிந்தால் அடுத்த பாவு வர எத்தனை நாள் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. நெல் விளைந்தால் அறுப்புக்காவது போவார்கள், அதுவும் இல்லை. அந்த இடைவெளியில் வீட்டில் இருக்கும் ஒரே அரிசி பாவு அரிசிதான். "பாவுக்கு ஊத்தலன்னா இழை அறும். பசங்களுக்கு ஊத்தலன்னா? நீயே சொல்லு மாமா" என்று கேட்டாள்.

அந்த அரிசியைக் காய்ச்சிக் குழந்தைக்கு ஊற்றிவிட்டு, பானை கழுவிய தண்ணீரை இழைக்குப் போடுகிறார்கள். தறியில் இழை அறுகிறது. முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டு நெய்தால் புடவையில் பழுது விழுகிறது. முதலாளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதை உன் பொண்டாட்டிக்கே கட்டி அழகு பாரு" என்று முகத்தில் எறிகிறார். பட்டின் விலையைக் கூலியில் பிடித்துக்கொள்கிறார். திரும்பி வந்த புடவையை வேறு கடைக்காரன் தொடமாட்டான், அரிசிக் கடைக்காரனும் வாங்கமாட்டான். அதை வெட்டித்தான் குழந்தைக்குப் பாவாடை தைக்கிறார்கள். நீ பார்த்த பட்டு அது. வேறு ஊரில் துணியைப் பார்த்தால் பசி தெரியும். உங்கள் பெரியவர்கள் துணியைப் பார்க்கச் சொன்னது தப்பில்லை. இந்த ஊரில் மட்டும் எந்த வீட்டில் பட்டுப் பாவாடை அதிகமோ அந்த வீட்டில் பட்டினி அதிகம். காரணம் என்ன என்று கேட்டால் மழை இல்லை என்று சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மழை நாளைக்கே கொட்டினாலும் இந்தச் சுற்று நிற்காது. பசி இழையை அறுக்கிறது, அறுந்த இழை கூலியைக் குறைக்கிறது, குறைந்த கூலி மறுபடி பாவு அரிசியில் கை வைக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதலாமா என்று ஒரு நாள் முழுவதும் பேனாவை மூடி வைத்திருந்தேன். எழுதிவிடுகிறேன். அன்றைக்கு உனக்கும் பெரியவர்களுக்கும் வாழை இலை போட்டு வைத்த சோறு இந்தப் பாவுக்கு வந்த அரிசி. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது. நீ சாப்பிட்டது தப்பில்லை. மறுத்திருந்தால் அவர்கள் மனம் ஒடிந்திருக்கும். ஆனால் உனக்கு அது தெரிய வேண்டும்.

உனக்குக் கோபம் வரும். ஏன் பொய் சொன்னார்கள், சொல்லியிருந்தால் எழுதியிருப்பேனே என்று கேட்பாய். கோபப்படுவதற்கு முன் உன் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அவள் இருந்தவரை சொல்லவிட்டதில்லை. நீ தவழ்ந்து எழுந்து தெருவில் ஓடத் தொடங்கிய காலத்தில் ஒரு வருஷம் நமக்கும் இப்படித்தான் இருந்தது. ஒன்றும் இல்லாத நாளில் உன் அம்மா விளக்கிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு உன் உதட்டில் தடவித் தெருவுக்கு அனுப்புவாள். எதிர் வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "இன்னாமா, உன் புள்ளை வாயெல்லாம் எண்ணெ மினுக்குது, வடையா? எங்களுக்கு ஒண்ணு குடுக்கக் கூடாதா?" என்று கேலி செய்வாள். "தீந்து போச்சேமா, நாளைக்கு வா" என்று உன் அம்மாவும் சிரிப்பாள். உள்ளே வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். அன்றைக்கு யாராவது வந்து நம் வீட்டை அளந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? வடை சாப்பிடும் வீடு. அளக்க வந்தவன் நல்லவனாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பான்.

நீ காட்டினாயே, நீங்கள் விசாரிக்க வேண்டிய விஷயங்கள், அவற்றைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். கூரை ஓடா ஓலையா, தறி உண்டா, பாத்திரம் என்ன, துணி என்ன, ஆண் பிள்ளைக்கு வேலை உண்டா. எல்லாம் வீட்டைப் பற்றிய கேள்வி. வீட்டை அளந்தால் குழந்தை அகப்படாது, மகனே. ஒரே பானையிலிருந்து ஊற்றினாலும் எல்லோர் வயிற்றுக்கும் ஒரே அளவு போவதில்லை. கன்னியம்மா வீட்டில் நானே பார்த்தேன். தறியில் உட்காருகிறவன் என்று மாணிக்கத்துக்கு முதலில். பக்கத்தில் உட்கார்ந்து சரிகை இழையைக் கைமாற்றிக் கொடுக்கும் மகனுக்கு அடுத்தது. அவர்கள் கை ஓய்ந்தால் எல்லாருமே ஓய வேண்டியதுதான், அதனால் அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. தேசம்மாவுக்குத் தறியில் உட்காருகிற வயதில்லை, பெண் வேறு. கடைசியில் அவளும் அம்மாவும். அம்மா கலயத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "எனக்கு வயிறு சரியில்ல, நீ குடி" என்றாள். பெண்ணும், "எனக்கும் வயிறு சரியில்ல" என்றாள். அம்மாவிடமிருந்து இல்லாமல் பெண் வேறு எங்கே கற்றுக்கொள்வாள்?

தேசம்மாவின் தலைமயிர் செம்பட்டையாகிவிட்டது. எண்ணெய் தேய்த்த அன்றைக்கு உனக்குத் தெரிந்திருக்காது. கால் வீங்கியிருக்கிறது. அதைப் பாவாடை மறைத்திருக்கும். ஆட்டுக்குட்டி ஒன்று அவள் மேல் ஏறி விளையாடியது, அவள் அதைத் தள்ளவும் இல்லை, துரத்தவும் இல்லை. இதையெல்லாம் நான் முன்பே பார்த்திருக்க வேண்டியவன். வருஷா வருஷம் ஆடி மாதம் எல்லம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது போய் வந்தேன். அன்றைக்கு எல்லாக் குழந்தைகளும் வயிறு நிறையக் குடித்துவிட்டு ஆடிக்கொண்டிருக்கும். திருவிழா நாளில் போய்விட்டு ஊர் நன்றாக இருக்கிறது என்று திரும்பியவன் நான். உனக்கு நான் எப்படிப் புத்தி சொல்வேன்? ஆனாலும் சொல்கிறேன், வேறு யாருக்கும் சொல்ல முடியாது என்பதால்.

கன்னியம்மா என் காலைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பாவு அரிசியைத் துன்றோம்னு மட்டும் எங்கியும் சொல்லிடாத மாமா. முதலாளி காதுக்குப் போச்சுன்னா திருட்டுன்னு சொல்லித் தறியை இறக்கிடுவாரு. இந்தக் கால் வயித்துக் கஞ்சியும் போயிடும்." அதனால்தான் வாத்தியாரிடம் எழுதச் சொல்லவில்லை. அதனால்தான் இதில் ஊர்ப் பெயரும் போடவில்லை. நீயும் போடாதே. அரிசியைப் பற்றி ஒரு எழுத்துகூட உன் பெரியவர்களிடம் போகக்கூடாது.

அப்படியானால் எதைச் சொல்லி அந்த ஊருக்குக் கஞ்சித் தொட்டி கேட்பது என்று நீ கேட்பாய். உள்ளதில் பாதியைச் சொல். பெரியவர்கள் முன்னால் நின்று, "அந்த ஊரைப் பற்றி நான் எழுதியது தப்பு. என் தகப்பன் முன்கூட்டியே கார்டு போட்டுவிட்டான். அவர்கள் உடுத்திக்கொண்டு நின்றார்கள். மறுபடி பார்க்க வேண்டும்" என்று சொல். பழியை என் மேல் போடு, அது என்னுடையதுதான். உறவுக்காரர் ஊர் என்று உன்னைச் சந்தேகப்படுவார்கள். அப்படியானால் நீ எழுத வேண்டாம், வேறு ஒருவர் வந்து பார்த்து எழுதட்டும் என்று சொல். எழுதிக் கொடுத்ததை மாற்றுகிற ஆள் நமக்கு எதற்கு என்று உன்னை வேலையை விட்டு அனுப்பினாலும் அனுப்புவார்கள். அந்தச் சம்பளத்தில்தான் நான் சாப்பிடுகிறேன் என்பதை மறந்துவிட்டு இதை எழுதவில்லை. நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். போனால் போகட்டும், நீ வந்துவிடு.

யார் வந்தாலும் சொல்லாமல் வரவேண்டும். விடியற்காலையில் பாவு விரிக்கும் வேளையில் வந்து தெருமுனையில் நின்றால் போதும். யாரையும் ஒன்றும் கேட்க வேண்டாம். கஞ்சிப் பானையைச் சுற்றி யார் நிற்கிறார்கள், பானையை இறக்கியதும் எத்தனை கைகள் அதற்குள் போகின்றன என்று பார்க்கட்டும். பிறகு எதை எழுதினாலும் எழுதட்டும்.

அன்றைக்குக் கிளம்பும்போது தேசம்மாவை என்னோடு அனுப்பு, தொட்டி வரும் வரை நம் வீட்டில் இருக்கட்டும் என்று கேட்டேன். கன்னியம்மா தலையாட்டினாள், பிறகு மாட்டேன் என்றாள். "ஒண்ணை நீ கூட்டிக்கினு போனா மத்ததுங்க எல்லாம் உன் பின்னால நடந்து வரும் மாமா. ஆத்து மணல்ல அதுங்களால நடக்க முடியாது." நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்கலாமோ என்று இதை எழுதும் இந்த நாட்களில் தினமும் தோன்றுகிறது.

தேசம்மா மட்டும் ஆற்றங்கரை வரை என்னோடு வந்தாள். பாதி வழியில் ஒரு தரம் உட்கார்ந்து எழுந்தாள். கரைக்கு வந்ததும், "தாத்தா, எழுதிக்கினு போனாரே, அவரு மறுபடி வருவாரா?" என்று கேட்டாள்.

"வருவாரு" என்றேன்.

"வந்தா நான் இன்னா சொல்லட்டும்?"

"பசிக்குதுன்னு சொல்லு, கண்ணு."

அவள் திரும்பி அம்மா பக்கத்தில் இருக்கிறாளா என்று பார்த்தாள். இல்லை என்று தெரிந்ததும் என் பக்கம் வந்து, மெல்லக் கேட்டாள். "எந்த வேளைக்குப் பசிக்குதுன்னு சொல்லணும் தாத்தா?"

நான் அவள் தலையைத் தடவிவிட்டு மணலில் இறங்கி நடந்துவிட்டேன். மாதம் முடிவதற்குள் வா, மகனே. அவளை யாரும் இன்னொரு கேள்வி கேட்பதற்கு முன்னால் வா.

உன் நைனா.